ஒரே மாமா, ஐந்து பெயர்

எங்கள் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பதினாறு முடிகிற வரைக்கும் யாரும் காசைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். திறந்தால் அசிங்கம். பந்தல்காரர், பூக்காரர், சமையல்காரர் கணக்கோடு சரி. பதினேழாம் நாள், ஊரிலிருந்து வந்தவர்களெல்லாம் பஸ் ஏறிய பிறகு, பீரோவுக்கு மேலிருந்து ஒரு கட்டைப்பை இறங்கும். துணிக்கடைப் பெயர் பாதி அழிந்த பை. மனிதர் சேர்த்தது, கொடுத்தது, வாங்கியது எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது என்று வீடே நம்பும்.

சொந்தத்தில் அப்படி இறங்கிய பைகள் பலவற்றுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். நான் வக்கீலும் இல்லை, பேங்க் ஆபீசரும் இல்லை. ஃபாரம் நிரப்பப் பொறுமை உண்டு, தாலுகா ஆபீஸ் வராந்தாவில் காத்துக்கிடக்கக் கூச்சம் கிடையாது. அந்தத் தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

மாமாவின் பையிலிருந்து ஆரம்பிக்கலாம். அம்மாவின் தம்பி. விருதுநகர் பக்கம் ஒரு மில்லில் மெக்கானிக்காக இருந்துவிட்டு, பிறகு சொந்தமாக ஸ்பேர் பார்ட்ஸ் கடை போட்டவர். பையில் இருந்தவை: வருஷ வாரியாகக் கட்டிய கரண்ட் பில் ரசீதுகள், மேலே சுற்றிய ரப்பர் பேண்ட் உருகிக் காகிதத்தோடு ஒட்டியிருந்தது. எப்போதோ முதிர்ந்து பணமும் வாங்கி முடித்துவிட்ட பாலிசியின் ஜெராக்ஸ். என்றைக்கோ விற்றுவிட்ட டி.வி.எஸ். ஐம்பதின் ஆர்.சி. நகல். காலாவதியான மாத்திரை அட்டை. இரண்டு மொய் நோட்டு.

இல்லாதவை: வீட்டுப் பத்திரம், பி.எஃப். ஸ்லிப், நகை அடகுச் சீட்டு. பத்திரம் அத்தையின் பட்டுப்புடவை மடிப்பில் கிடைத்தது. அடகுச் சீட்டு போன வருஷப் பஞ்சாங்கத்துக்குள். பி.எஃப். ஸ்லிப்பைக் கடைக் கல்லாவில், பில் புத்தகங்களுக்கு அடியிலிருந்து மச்சான் எடுத்து வந்தான். ஸ்லிப்பைப் பார்த்ததும் அத்தை கேட்டது, "மில்லை விட்டப்பவே அதையெல்லாம் வாங்கியாச்சுன்னுல்ல மாப்ள சொன்னாரு?"

வாங்கவில்லை. வாங்கத்தான் நினைத்திருப்பார், பெயர் பொருந்தாமல் அலுத்துப்போய் விட்டிருப்பார் என்பது என் ஊகம். ஏனென்றால் மாமா காகிதத்தில் ஒரு ஆள் இல்லை, ஐந்து ஆள்.

அவர் பெயர் முத்துராஜ் என்றும், தாத்தா பெயர் சங்கிலி என்றும் வைத்துக்கொள்ளுங்கள் (மாற்றித்தான் சொல்கிறேன்). ஆதாரில் முத்துராஜ் சங்கிலி. பான் கார்டில் சங்கிலி முத்துராஜ். பேங்கில் எஸ். முத்துராஜ். பாலிசியில் முத்துராஜு எஸ். கிரயப் பத்திரத்தில் 'சங்கிலி மகன் முத்துராஜா'. இங்கிலீஷில் 'த்து' வருகிற இடத்தில் சில காகிதங்களில் எச் உண்டு, சிலவற்றில் இல்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. குடும்பப் பெயர் உள்ளவர்களுக்காகப் போட்ட ஃபாரத்தில் இனிஷியலை எங்கே சொருகுவது என்று ஒவ்வொரு கிளார்க்கும் அவரவர் தோதுக்கு ஒரு முடிவெடுத்திருக்கிறார். பான் கார்டில் இனிஷியலை விரித்து எழுதியே ஆக வேண்டும், அப்பா பெயர் குடும்பப் பெயராகி முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது. உயிரோடு இருக்கும்வரை இதெல்லாம் சிரிப்புதான். ஆதாரைக் காட்டி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் பேங்கே திருத்திவிடும். ஆள் போன பிறகு, 'இந்த ஐந்து பேரும் ஒருவரே' என்று வாரிசுகள் நோட்டரியிடம் அஃபிடவிட் போட்டு, கவுன்டர் கவுன்டராக நிரூபிக்க வேண்டும். சில இடத்தில் அதையும் ஏற்க மாட்டார்கள்.

அதனால்தான் மரணச் சான்றிதழில் பெயர் விழுகிற அந்தப் பத்து நிமிஷத்தைப் பெரிதாக நினைக்கிறேன். மற்ற எல்லாக் காகிதமும் அதன் மேல்தான் நிற்கும். ஆஸ்பத்திரியில் இறந்தால் அவர்களே பதிவுக்கு அனுப்புவார்கள். வீட்டில் என்றால் கிராமத்தில் வி.ஏ.ஓ., டவுனில் நகராட்சியின் சுகாதாரப் பிரிவு. 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். தாண்டினால் தாமதக் கட்டணம், இன்னும் தாண்டினால் அனுமதி, உத்தரவு என்று படியேற வேண்டும். நடப்பது என்ன? வீட்டுக்காரர்கள் அழுதுகொண்டிருக்க, விவரம் தெரிந்தவர் என்று ஒரு பங்காளியை அனுப்புவார்கள். அவர் வாய்ப்பழக்கத்தில் கூப்பிடுகிற பெயரைச் சொல்லிவிட்டு வருவார். வயதைக் குத்துமதிப்பாகச் சொல்வார். ஆதார் அட்டையைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். இறந்தவருடையதை மட்டுமல்ல, மனைவியுடையதையும். அப்பா பெயர், அம்மா பெயர், துணைவர் பெயர் எல்லாம் சான்றிதழில் ஏறும்.

அடுத்தது வாரிசுச் சான்றிதழ். இ-சேவையில் மனுப் போட்டால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. விசாரணைக்குப் பிறகு தாசில்தார் கொடுப்பார். இதில்தான் பல குடும்பங்கள் முதல் தடவையாக ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்கின்றன. உயில் எழுதாமல் ஒரு இந்து ஆண் இறந்தால் மனைவி, மகன், மகள் மட்டும் வாரிசு இல்லை, அவருடைய அம்மாவும் வாரிசு. சம பங்கு. அப்பா அந்த முதல் வரிசையில் இல்லை, அம்மா இருக்கிறார். மகளுக்குக் கல்யாணமாகிவிட்டதா, சீர் செய்தாயிற்றா என்பதெல்லாம் சட்டத்தின் கண்ணில் படாது. தமிழ்நாட்டில் 1989இலேயே பூர்வீகச் சொத்திலும் மகளுக்குச் சம உரிமை வந்துவிட்டது, மத்திய அரசு 2005இல்தான் வந்து சேர்ந்தது. அப்படியிருந்தும் "பொண்ணு பேரை எதுக்குச் சேர்க்கணும், அவதான் ஒண்ணும் வேணாம்கிறாளே" என்று கேட்கிற பெரிய மனுஷர் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். வேண்டாம் என்றால் பிறகு எழுதிக் கொடுக்கட்டும். சான்றிதழில் பெயரை விட்டால் அது பொய்ச் சான்று.

அம்மாச்சி உயிரோடு இருந்தார். காது கேட்காது, கண் மட்டும் கூர்மை. பேங்க் ஃபாரத்தில் அவர் கைநாட்டும் தேவைப்பட்டது. ஆட்டோவில் கூட்டிப்போய் மேனேஜர் அறையில் உட்காரவைத்தோம். "இது எதுக்குய்யா?" என்றார். மாமா கணக்கில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது அம்மாச்சி என்று காதருகில் குனிந்து சத்தமாகச் சொன்னேன். கவுன்டரில் இருந்தவர்களெல்லாம் திரும்பினார்கள். "பெத்தவளுக்குப் புள்ளை காசுல பங்கா? இது எந்த ஊரு நியாயம்?" என்று மேனேஜரையே கேட்டார். அவர் பாவம், மை டப்பாவை நகர்த்தி வைத்தார். இடது கைப் பெருவிரலை அம்மாச்சி மையில் அழுத்தமாகத் தோய்த்து வைத்ததில் முதல் ஃபாரம் முழுக்க அப்பிவிட்டது. இன்னொரு ஃபாரம் வாங்கி எல்லோரும் திரும்பக் கையெழுத்துப் போட்டோம்.

அம்மாச்சியின் அந்தப் பங்கைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். அம்மாச்சி தன் பங்கை எழுதிக் கொடுக்காமல் கண்ணை மூடியிருந்தால், மாமா வீட்டில் அவருக்குள்ள பங்கு அவருடைய பிள்ளைகளுக்கெல்லாம் போகும். அதாவது என் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும்கூட. மாமா பிள்ளைகளுக்கு அவர்கள் அப்பாவின் வழியில் ஒரு பிசிர் வரும். நாளைக்கு அத்தை அந்த வீட்டை விற்கப் போனால் அம்மாவும் பெரியம்மாவும், அவர்கள் காலத்துக்குப் பிறகு என்றால் நான், என் தங்கை, பெரியம்மா மக்கள் எல்லோரும் பத்திர ஆபீசில் வரிசையில் நிற்க வேண்டும். எங்களுக்குள் சண்டை இல்லை. ஆனால் அடுத்த தலைமுறையைப் பற்றி யார் சத்தியம் செய்ய முடியும்? அம்மாச்சி திடமாக இருக்கும்போதே சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் பதிந்துவிட்டோம். மாமா ஒரு வெள்ளைத்தாளில் உயில் எழுதி, இரண்டு சாட்சி கையெழுத்து வாங்கியிருந்தால் இந்த அலைச்சலே இல்லை. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. பதிந்தால் நல்லது, அவ்வளவுதான்.

நாமினி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "நாமினி போட்டிருக்கு, அதனால காசு அவங்களுக்குத்தான்" என்பது டீக்கடைச் சட்டம். ஆயுள் காப்பீட்டு நாமினி என்பவர் பணத்தைக் கைநீட்டி வாங்கிக்கொள்கிறவர், வாரிசுகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்று உச்ச நீதிமன்றம் சர்பதி தேவி வழக்கில் 1983இலேயே சொல்லிவிட்டது. ஷேர்களுக்கும் அதே கதிதான் என்று 2023 டிசம்பரில் சொன்னது. இடையில் 2015இல் காப்பீட்டுச் சட்டத்தைத் திருத்தி, பெற்றோர், துணைவர், பிள்ளைகள் நாமினியாக இருந்தால் அவர்களே பயனாளிகள் என்று சேர்த்தார்கள். அதை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்று கோர்ட்டுகளில் வாதம் ஓய்ந்தபாடில்லை. நமக்கு வேண்டியது ஒன்றுதான். கல்யாணத்துக்கு முன் எடுத்த பாலிசியில் அண்ணன் பெயரோ அம்மா பெயரோ அப்படியே கிடக்கிறதா என்று பாருங்கள், மாற்றுங்கள். பி.எஃப். இதில் கொஞ்சம் புத்திசாலி. குடும்பம் இல்லாத காலத்தில் போட்ட நாமினி, குடும்பம் வந்ததும் செல்லாது. ஆனால் புதிதாகப் போடாவிட்டால் அந்த இடம் காலி.

பேங்கில் இப்போது நிலைமை முன்னைவிடப் பரவாயில்லை. 2025 நவம்பர் 1 முதல் ஒரு டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் சொல்லலாம். காகிதம் எல்லாம் சரியாகக் கொடுத்தால் 15 நாளில் முடித்துக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஒரு கிளையில் இதை நான் பணிவாக நினைவூட்டியபோது, "நீங்க ரிசர்வ் பேங்க்ல வேலை பார்க்குறீங்களா சார்?" என்று கேட்டார்கள். இல்லை, பிரிண்ட் அவுட் மட்டும் வைத்திருக்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு வேலை நடந்தது.

இனி பாஸ்புக். பை, பீரோ, பஞ்சாங்கம் எல்லாவற்றையும்விட அதிகம் பேசுவது இதுதான். இறந்த செய்தியோடு பேங்க்குக்குப் போகும்போதே கடைசி வரி வரைக்கும் அச்சடித்துக்கொள்ளுங்கள். பிறகு வீட்டில் உட்கார்ந்து, ஒரு வருஷ வரவு செலவைப் பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஒரு வருஷம் போதும், ஏனென்றால் வருஷத்துக்கு ஒரே தடவை வருகிற வரிகள்தான் முக்கியம். ஒரு லாக்கர் வாடகை வரி இருந்தால் எங்கோ லாக்கர் இருக்கிறது. டீமேட் கட்டணம் பிடித்திருந்தால் ஷேர் இருக்கிறது. எங்கிருந்தோ பதினெட்டு ரூபாய், நாற்பது ரூபாய் என்று சில்லறையாக வரவு வந்தால் அது டிவிடெண்டாக இருக்கலாம். மாதா மாதம் ஒரே தேதியில் ஒரே தொகை போகிறது என்றால் ஆர்.டி., மியூச்சுவல் ஃபண்டு, இல்லை ஏதோ தவணை.

எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டியவர் ஒருவர், ஐம்பது ஆகவில்லை, மாரடைப்பில் போய்விட்டார். "எங்க வீட்டுக்காரருக்கு இன்சூரன்ஸ் கின்சூரன்ஸ் எதுவும் கிடையாதுண்ணே" என்று அவர் மனைவி உறுதியாகச் சொன்னார். பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தேன். மே மாதக் கடைசியில் 436 ரூபாய் பற்று. அதற்கு முந்தைய வருஷமும் அதே 436. இன்னும் முன்னால் 330. அதுதான் பிரதமரின் ஜீவன் ஜோதி பீமா. 2015இல் 330 ரூபாயில் தொடங்கி 2022 ஜூனிலிருந்து 436 ஆனது, காரணம் எதுவானாலும் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். கணக்குத் தொடங்கியபோது யாரோ நீட்டிய ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார், அவருக்கே ஞாபகம் இருந்திருக்காது. பக்கத்தில் 20 ரூபாய் பற்று இருந்தால் அது சுரக்ஷா பீமா, விபத்து மரணத்துக்கு 2 லட்சம். (ஜீவன் ஜோதி 55 வயதோடு முடிந்துவிடும், சுரக்ஷா 70 வரை.) எந்தப் பேங்க் பிடித்ததோ அந்தப் பேங்கில்தான் கேட்க வேண்டும். அவர்களாக வந்து சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

வேலையில் இருக்கும்போதே இறந்தவர் என்றால் பி.எஃப். பணத்தோடு முடிந்துவிடாது. பணத்துக்கு 20ஆம் எண் படிவம், பென்ஷனுக்கு 10-டி, அதோடு சேர்ந்த காப்பீட்டுக்கு 5-ஐ.எஃப். அந்தக் காப்பீடு 7 லட்சம் வரை வரும். கம்பெனியில் முதல் படிவத்தோடு நிறுத்திக்கொண்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். மாமா மில்லை விட்டு வருஷமாகிவிட்டதால் காப்பீடு இல்லை, ஆனால் அத்தைக்கு விதவைப் பென்ஷன் உண்டு. தொகை பெரிதில்லை. அத்தை அதை "மில்லு காசு" என்கிறார், அதில்தான் பால் கணக்குத் தீர்கிறது.

போன் சிம்மைப் பற்றி ஒரு வார்த்தை. பலர் செய்வது, காரியம் முடிந்ததும் போனைப் பேரனுக்குக் கொடுத்துவிட்டு சிம்மைத் தூக்கிப் போடுவது. அந்த நம்பருக்குத்தான் அடகு நகை ஏலத்துக்கு வரப்போகிறது என்ற மெசேஜ் வரும், பிரீமியம் நோட்டீஸ் வரும், யாரோ திருப்பித் தர வேண்டியவர் கூப்பிடுவார். குறைந்தது ஒரு வருஷம் ரீசார்ஜ் செய்து வையுங்கள். அதே மூச்சில் இன்னொன்று: ஏ.டி.எம். கார்டும் பின் நம்பரும் கையில் இருக்கிறது என்று இறந்தவர் கணக்கிலிருந்து எடுக்கக் கூடாது. காரியச் செலவுக்குத்தானே என்று எடுப்பார்கள். எடுத்தது அண்ணனா தம்பியா, எவ்வளவு என்பது பிறகு வாழ்நாள் பகையாகிவிடும். கூட்டுக் கணக்கில் 'இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்' என்று இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை, அத்தை போன்றவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான்.

எல்லாவற்றிலும் சங்கடமானது வாய்வார்த்தைக் கணக்கு. சீட்டு, கைமாத்து, வட்டிக்குக் கொடுத்தது, நண்பனுக்கு ஜாமீன் நின்றது. பதினாறு முடிந்த கையோடு ஒருவர் வந்து, "அவரு எனக்கு எண்பதாயிரம் தரணும், நீங்க பொறுமையாப் பார்த்துக் குடுங்க" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுப் போவார். மாமாவுக்குத் தர வேண்டியவர்கள் யாரும் வரமாட்டார்கள். வந்தவரிடம் காகிதம் கேளுங்கள், கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. உண்மையான கடனாகவே இருந்தாலும், இறந்தவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுகளின் பொறுப்பு. மகன் தன் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. மானம் சொன்னால் அது வேறு. புரோநோட்டு கையில் இருந்தால் தேதியைப் பாருங்கள். மூன்று வருஷம் தாண்டி, நடுவில் வரவும் வைக்கவில்லை என்றால் கோர்ட்டில் நிற்காது. நமக்கு வர வேண்டியதற்கும் அதே கணக்குதான், அதனால் ஆறப் போடாதீர்கள்.

மாமா பையில் ஒழுங்காக இருந்தது அந்த மொய் நோட்டுகள் மட்டும்தான். ஊர், பெயர், தொகை, தலைப்பில் என்ன விசேஷம் என்பதோடு. யாருக்கு எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்று கேட்டால் அத்தை அரை நிமிஷத்தில் புரட்டிச் சொல்லிவிடுவார். ஐநூற்றியொரு ரூபாய்க்கு இத்தனை சுத்தமாகக் கணக்கு வைக்கத் தெரிந்த ஜனங்கள், பத்து லட்சத்தைப் பஞ்சாங்கத்துக்குள் வைத்து மறக்கிறோம். ஆகவே நான் சொல்கிற யோசனை எக்செல் ஷீட் இல்லை, ஆப் இல்லை. மகன் பெங்களூரில் கம்ப்யூட்டரில் போட்டு வைத்த ஷீட்டை அத்தையால் திறக்க முடியாது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி மொய் நோட்டு மாதிரியே எழுதுங்கள். எந்த இடம், எந்தப் பெயரில் (எழுத்துக்கூட்டல் அப்படியே), எவ்வளவு, யாரைக் கேட்க வேண்டும். ஏஜென்ட் பெயர், சீட்டு பிடிப்பவர் பெயர், பத்திரம் எழுதியவர் பெயர். பாஸ்வேர்டு எழுத வேண்டாம், போன் பூட்டைத் திறக்கும் எண் மட்டும் மனைவிக்குத் தெரிந்தால் போதும். நோட்டை ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் வையுங்கள். எந்த வீட்டிலும் தொலையாத பொருள் அது ஒன்றுதான்.

எழுதச் சொல்லிக் கேட்பதுதான் கஷ்டம். "உனக்கு வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்பார்கள். நான் சாவை எடுப்பதே இல்லை. "ஆதார்லயும் பேங்க்லயும் பேரு வேற வேறயா இருக்காமே, பென்ஷனுக்கு இடிக்கும், எல்லாத்தையும் எடுங்க பார்ப்போம்" என்று சொன்னால் பெரியவர்கள் தாங்களாகவே பையை இறக்கி விடுகிறார்கள். பென்ஷன் என்ற சொல்லுக்கு அப்படி ஒரு சக்தி.

வீடு, மனை விஷயத்தில் மட்டும் அவசரம் காட்ட வேண்டாம். வாரிசுகள் பெயரில் கூட்டுப் பட்டாவாக மாற்றிக்கொண்டு, வீட்டுவரியையும் மின் இணைப்பையும் மாற்றினால் இப்போதைக்குப் போதும். பட்டா மாறினாலேயே பாகம் பிரிந்ததாக ஆகாது, அதற்குத் தனியாகப் பத்திரம் வேண்டும். வருமான வரி கட்டியவராக இருந்தால் இறந்த நாள் வரைக்குமான கணக்கை வாரிசு ஒருவர் தன்னைப் பதிவு செய்துகொண்டு தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுவது நல்லது, நானே அங்கு கைவைப்பதில்லை.

கடைசியாக, எல்லாம் முடிந்தது என்று நினைத்த பிறகு ஒரு சாயங்காலம் ஒதுக்கி ரிசர்வ் வங்கியின் உத்கம் தளத்தில் தேடிப் பாருங்கள். பத்து வருஷமாக யாரும் தொடாத டெபாசிட்டுகள் ரிசர்வ் வங்கியின் நிதி ஒன்றுக்குப் போய்விடும், ஆனால் உரியவர் கேட்டால் அந்தப் பேங்க் மூலமாகவே திரும்பக் கிடைக்கும். எந்தப் பேங்கில் கிடக்கிறது என்று தேடுவதற்காக 2023 ஆகஸ்டில் இந்தத் தளத்தைத் திறந்தார்கள். பெயரை ஒரு தடவை மட்டும் போட்டு, இல்லை என்று மூடிவிடாதீர்கள். இனிஷியலை முன்னால் போட்டு, பின்னால் போட்டு, அப்பா பெயரை விரித்து, எச் சேர்த்து, எச் இல்லாமல். மாமாவுக்கு நாலாவது எழுத்துக்கூட்டலில்தான் ஒரு பழைய கணக்கு வந்தது. மச்சான் அடுத்த லீவுக்கு வரும்போது அந்தக் கிளைக்குப் போக வேண்டும், அஃபிடவிட் ஒரு நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.